ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

    

இலக்கிய மேடையில் துடைப்பத்தையும் பிரிமணையையும் பற்றிப் பேசலாமா என்னும் ஐயம் எழுவது இயல்பு. கம்பனும் இளங்கோவும் வீற்றிருக்கும் அவையில் உமிக்கும் தவிட்டுக்கும் இடம் உண்டா? உண்டு என்பதே இவ்வுரையின் விடை. வள்ளுவப் பெருந்தகை, மன்னன் ஆராய்ந்தறிய வேண்டிய வலிமைகளைச் சொல்லும் 'வலியறிதல்' என்னும் 48ஆம் அதிகாரத்தில்தான் வரவு செலவுக் கணக்கையும் வைத்தார். பொருள் வரும் வழி சிறிதாயினும், போகும் வழி அகலாதிருந்தால் கேடில்லை என்பது அங்கு அவர் கூறும் அறிவுரை. வழியைக் குறிக்க அவர் ஆண்ட சொல் 'ஆறு'. காவிரிக் கரையில் வாழ்வோர்க்கு அச்சொல் இன்னொரு பொருளையும் சேர்த்தே தரும்.

இந்த மண்ணிலே வழங்கும் பழமொழி ஒன்றும் அதையே சொல்கிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. ஆற்றில் போடுவது திரும்பி வராத பொருள். திரும்பி வராததற்கு அளவு எதற்கு? போடுகிறவன் கைக்கு அளவு தெரிய வேண்டும் என்பதற்காக. எவ்வளவு போயிற்று என்று அறிந்தவனுக்கே எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதும் தெரியும். சிக்கனத்தின் இலக்கணம் முழுவதும் இந்த நான்கு சொற்களில் அடங்கிவிட்டது.

குத்தாலம் பசித்த பூமியன்று. தேவார மூவரும் பாடிய திருத்துருத்தி இது. துருத்தி என்றால் ஆற்றிடைக்குறை. ஆற்று நீர் சூழ்ந்த திட்டு. தலமரமாகிய உத்தாலத்தின் பெயரே ஊருக்கு ஆயிற்று என்பது தலபுராண மரபு. தஞ்சை மாவட்டமாக இருந்து, 1991இல் நாகை மாவட்டத்தில் சேர்ந்து, 2020 முதல் மயிலாடுதுறை மாவட்டத்தில் விளங்குகின்ற இவ்வூரைச் சுற்றிலும் குறுவை, சம்பா, தாளடி என்று நெல்லே பேச்சு, நெல்லே மூச்சு. இத்தகைய ஊரில் சிக்கனத்திற்கு என்ன தேவை?

விடை ஆற்றிலேயே இருக்கிறது. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பெற்ற பிறகு, ஜூன் 12இல் நீரைத் திறப்பதும் ஜனவரி 28இல் மூடுவதும் மரபாயிற்று. தை மாதத்தில் களத்திலே நெல் குவியும். வீட்டிலே பணம் புழங்கும். மாசி பிறந்ததும் வாய்க்கால் வற்றும். வைகாசி வரையிலும் வயலில் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. நெல் ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ வரும். வயிறோ நாள்தோறும் மூன்று முறை கேட்கும். இந்த இரண்டு கணக்கையும் நேர் செய்கின்ற பொறுப்பு வீட்டுப் பெண்களின் தலையில் விழுந்தது. நீர் வற்றிய மாதங்களில் வெயில் மட்டும் குறைவின்றிக் கிடைத்தது. அந்த வெயிலையே அவர்கள் முதலாக்கினார்கள். வற்றல் போடுவதும், வடகம் உருட்டுவதும், கீற்று முடைவதும், குதிர் பூசுவதும், விளக்குமாறு கட்டுவதும் கோடையிலேயே நடந்தன. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காய்கறி கிடைக்காத நாள்களில், பங்குனி வெயில் சுண்டைக்காய் வற்றலாக உலையேறியது. வீட்டுக் கைவேலைக்கும் பட்டம் உண்டு என்பது இதனால் விளங்கும்.

முதலில் நெல்லையே எடுத்துக்கொள்வோம். நூறு கிலோ நெல்லைக் குற்றினால் ஏறத்தாழ இருபது கிலோ உமியாகப் போகும். அது போகின்ற பொருளா? வீட்டாரைப் பொறுத்தவரை அது வருகின்ற பொருள். தகர டப்பாவின் அடிப்புறத்தில் பக்கவாட்டில் ஒரு துளையிட்டு, நடுவில் ஒரு புட்டியைச் செங்குத்தாக நிறுத்தி, துளையின் வழியே இன்னொரு புட்டியைப் படுக்க வைத்து, இரண்டுக்கும் இடையில் உமியையோ மரத்தூளையோ கெட்டியாக இடித்து நிரப்புவர். பிறகு புட்டிகளை மெல்ல உருவினால் காற்றுக்கு ஒரு வழியும் தீக்கு ஒரு வழியும் அமைந்துவிடும். ஒரு குச்சி நெருப்பில் மணிக்கணக்காக எரியும் அடுப்பு அது. எரிந்த சாம்பல் பாத்திரம் துலக்கவும் செடிக்கு உரமாகவும் பயன்பட்டது. முழுதும் எரியாத உமிக்கரி பல் துலக்கப் பயன்பட்டது. உமியிலே மணற்சத்து மிகுதி. கரியும் அதனால் கரகரப்பானது. நாள்தோறும் அழுத்தித் தேய்த்தால் பல்லின் மேற்பூச்சு தேய்ந்துவிடும் என்று பல் மருத்துவர்கள் இன்று எச்சரிக்கிறார்கள். பழையன எல்லாம் நன்றென்று கொள்ளாமல், பழையதின் அறிவை எடுத்துக்கொண்டு பிழையை விட்டுவிடுவதும் சிக்கனத்தின் ஒரு பகுதியே.

தவிடு மாட்டுக்கு. நொய் கஞ்சிக்கு. அரிசி கழுவிய நீர் தொழுவத்துத் தொட்டிக்கு. வடித்த கஞ்சியில் ஒரு பங்கு குடிக்க, ஒரு பங்கு பருத்திப் புடவைக்கு விறைப்பேற்ற. மிஞ்சிய சோற்றில் நீர் ஊற்றி வைத்தால் மறுநாள் காலைக்குப் பழையது. குருணையை இடித்துச் சலித்த மாவு வாசலுக்குக் கோலம். இந்தக் கோலத்தை இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். கஞ்சன் ஒருவன் இந்தக் கணக்கை எழுதியிருந்தால் வாசலிலே அரிசி மாவைக் கொட்டியிருக்க மாட்டான். சுண்ணாம்புப் பொடியோடு நிறுத்தியிருப்பான். நொய்யைக்கூட வீணாக்காத கை, எறும்புக்கென்று ஒரு பங்கை நாள்தோறும் இட்டது. சிக்கனத்திற்கும் கஞ்சத்தனத்திற்கும் உள்ள வேற்றுமை அந்த ஒரு பிடி மாவில் இருக்கிறது. சேர்த்து வைத்துத் தானும் உண்ணாமல் பிறர்க்கும் பயன்படாமல் கிடக்கின்ற செல்வத்தை 'நன்றியில் செல்வம்' என்று தனி அதிகாரமாக வைத்து வள்ளுவர் கடிந்ததும் இதனால்தான். செலவின் வாய்க்காலை அகலவிடாதே என்றவரே, வாய்க்காலை அடைத்தும் விடாதே என்றார்.

வைக்கோலின் கதை இன்னும் நீளமானது. மாட்டுக்குத் தீனியானது போக, பிரி முறுக்கினால் கயிறு. பிரியைச் சுருட்டி வட்டமாகக் கட்டினால் பானை உருளாமல் அமர்வதற்குப் பிரிமணை. மண்ணோடு குழைத்தால் சுவர். சாணத்தோடு பிசைந்து தட்டினால் வரட்டி. எல்லாவற்றினும் நுட்பமானது விதைக்கோட்டை. தரையிலே பிரிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, அவற்றின் மேல் வைக்கோலைத் தடிப்பாக விரித்து, நன்கு காய்ந்த விதைநெல்லை நடுவிலே கொட்டி, நாற்புறமும் மடித்து, பிரியால் இறுக்கிச் சுற்றிப் பந்துபோல் உருட்டி, மேலே சாணமும் மண்ணும் கலந்து மெழுகுவர். வைக்கோல் காற்றோட்டம் தரும். மெழுகு பூச்சியைத் தடுக்கும். உள்ளே இருக்கும் விதை, புழுங்காமலும் அரிபடாமலும் அடுத்த பட்டம் வரை உயிரோடிருக்கும். பஞ்சத்தில் வாடிய குடும்பமும் அந்தக் கோட்டையைப் பிரித்துச் சமைப்பதில்லை. பசியின் முன்னாலும் நாளையை நினைப்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேறொன்றில்லை. குதிரிலும் பத்தாயத்திலும் சேமிக்கும் நெல்லுக்கு நொச்சியிலையும் வேப்பிலையும் காவல். பயறுக்கு ஆமணக்கெண்ணெய்ப் பூச்சு. துவரைக்குச் செம்மண் கட்டிக் காய வைப்பது. கடைச்சரக்கு ஒன்றும் இதில் இல்லை.

கோடையின் சமையற்கட்டு மொட்டை மாடியிலும் முற்றத்திலும் நடந்தது. மிளகாயைக் கீறி, உப்பிட்ட புளித்த மோரில் ஊற வைத்து, பகலெல்லாம் வெயிலில் காய வைத்து, மாலையில் மீண்டும் அதே மோரில் போட்டு, மோர் முழுவதும் மிளகாய்க்குள் ஏறும் வரை இவ்வாறே செய்வது மோர்மிளகாய். சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, வெந்தயம், சீரகம், மஞ்சள் இவற்றை ஆமணக்கெண்ணெயில் பிசிறி, நாள்தோறும் உருட்டிக் காய வைத்தால் தாளிப்பு வடகம். ஓராண்டுக்குத் தாளிதச் செலவு முடிந்தது. அரிசிக் கூழைப் பழைய வேட்டியின் மேல் கரண்டியால் வார்த்துக் காய வைத்து, மறுநாள் வேட்டியைத் திருப்பிப் போட்டு, அடிப்புறத்தில் நீர் தெளித்து உரித்தால் வடாம் உடையாமல் வரும். 1951இல் எஸ். மீனாட்சி அம்மாள் வெளியிட்ட 'சமைத்துப் பார்' என்னும் நூல் பெரும் வரவேற்பைப் பெற்றதற்குக் காரணம், இத்தகைய கைப்பக்குவம் வாய்மொழியாக மட்டும் இருந்து, பிரிந்து வாழத் தொடங்கிய புதுக்குடித்தனங்களுக்குக் கிட்டாமல் போனதே. எழுத்தில் ஏறிய அறிவு ஊர்விட்டு ஊர் சென்ற பெண்களுக்குத் தாய்வீடாயிற்று.

அடுத்தது துணி. மயிலாடுதுறையைச் சேர்ந்த கூறைநாடு, மணப்பெண் உடுத்தும் கூறைப்புடவைக்குப் பெயர் பெற்ற இடம். கூறைப்புடவை பெட்டியில் உறங்கும். உழைப்பதெல்லாம் பருத்திப் புடவை. அதன் வாழ்க்கையைப் பின்தொடர்ந்தால் ஒரு குடும்பத்தின் வரலாறே விரியும். புதிதாக இருக்கும்போது விழாவுக்கு. சற்று வெளுத்ததும் வீட்டுக்கு. நைந்து மெத்தென்று ஆனதும் உத்தரத்திலே கட்டிய தூளி. புதுத்துணியைவிடப் பிஞ்சு உடம்புக்கு அதுவே இதம். பிள்ளை தூளியை விட்டிறங்கியதும், இரண்டு மூன்று புடவைகளை அடுக்கி ஓரம் தைத்தால் போர்வை. போர்வை கிழிந்தால் கால்மிதி, கைப்பிடித்துணி. எஞ்சிய வெள்ளைத் துணி, விளக்குக்குத் திரி. அம்மையின் உடலைச் சுற்றிய நூல், கடைசியில் அகலிலே ஒளியாக முடிந்தது. இதனைக் குப்பை என்று எந்தக் கட்டத்தில் சொல்வது?

இவ்வறிவு தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. வங்கத்துப் பெண்கள் பழம்புடவைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே பூவும் பறவையுமாகத் தைத்தது 'காந்தா' என்னும் கலையாயிற்று. ஜப்பானியர் பொருளை வீணாக்கும்போது அடையும் வருத்தத்தைக் குறிக்க 'மொத்தாய்நாய்' என்று ஒரு சொல்லை வைத்திருக்கின்றனர். கென்யாவில் மரம் வளர்க்கும் இயக்கம் கண்டு நோபல் பரிசு பெற்ற வங்காரி மாத்தாய் அம்மையார், 2005இல் ஜப்பான் சென்றபோது அச்சொல்லைக் கேட்டு வியந்து உலகெங்கும் பரப்பினார். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் அரசே, கிழிந்ததைத் தைத்து உடுத்துங்கள் என்று குடிமக்களுக்குக் கையேடு அச்சிட்டு வழங்க வேண்டியதாயிற்று. குத்தாலத்துத் தாய்மார்களுக்கு அந்தக் கையேடு தேவைப்பட்டிருக்காது.

காலம் மாறியபோது கைவேலையும் மாறியது. செய்தித்தாளும் பள்ளிக் குறிப்பேடும் வீட்டிலே சேரத் தொடங்கியதும் காகிதக்கூழ்க் கூடை பிறந்தது. காகிதத்தைக் கிழித்து இரண்டு மூன்று நாள் ஊற வைத்து, ஊறிய வெந்தயத்தோடு உரலில் இட்டு மைய ஆட்டி, கவிழ்த்த பானையின் மேல் ஒரே கனமாக அப்பி, நிழலில் பாதியும் வெயிலில் மீதியுமாக உலர்த்தினால் பானையின் வடிவில் கூடை கழன்று வரும். வெந்தயம் பசையாகவும் இருந்து பூச்சியையும் விலக்கும். அரிசி, பருப்பு, காய்ந்த மிளகாய் வைப்பதற்கு அது போதும். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையின் உடலும் காகிதக்கூழின் உறவுதான். அடியிலே கனம் வைத்து, சாய்த்தாலும் நிமிரும்படி செய்த நுட்பம் அதற்குப் புகழ் தந்தது. குளத்தில் விளையும் நெட்டித் தண்டைச் சீவிப் பொங்கலுக்கு மாட்டுக்கு மாலை கட்டிய கையே, கோயில் கோபுரத்தையும் நெட்டியில் வடித்தது. தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வீட்டுத் திண்ணைக்கும் கலைக்கூடத்திற்கும் இடையே சுவர் இல்லை என்பதற்கு இவை சான்று.

பிளாஸ்டிக் ஒயர் வந்தபோது, பாயும் பிரம்பும் பின்னிய விரல்கள் அதையும் விட்டுவைக்கவில்லை. சிவன் கண், நெல்லிக்காய் என்று முடிச்சுகளுக்குத் தமிழிலே பெயர் சூட்டி, 1970களிலும் 80களிலும் நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள் பின்னிய கூடைகள் காய்கறிக் கடைக்கும் பள்ளிக்கும் திருமணப் பந்திக்கும் சென்றன. ஒரு கூடை பல்லாண்டு உழைத்தது. அதே பிளாஸ்டிக், ஒரு நாளைக்கு மட்டும் பயன்படும் பையாக வந்தபோதுதான் வாய்க்காலை அடைத்தது. குற்றம் பொருளில் மட்டும் இல்லை. ஒரு முறை தொட்டு எறியும் பழக்கத்திலும் இருக்கிறது. ஒருமுறை மட்டுமே பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பெற்றது. திருமண வீட்டில் தேங்காயும் வெற்றிலை பாக்கும் இட்டுத் தந்த அந்த மஞ்சள் பையை, பட்டிக்காட்டான் பை என்று எள்ளிய காலமும் இருந்தது. எள்ளப்பட்ட பையைத் திரும்பவும் கையில் கொடுப்பதற்கு ஓர் அரசு இயக்கம் தேவைப்பட்டது என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்களும் இந்தக் கணக்கில் சேரும். நுங்கைத் தின்றபின் இரண்டு கோந்தைகளை ஒரு குச்சியால் இணைத்துக் கவைக்கோலால் தள்ளினால் வண்டி. தென்னங்கீற்றின் ஓலையைச் சுருட்டினால் ஊதல், மடித்தால் கைக்கடிகாரம், பின்னினால் கிளி. ஆடிப் பெருக்கன்று சிறுவர்கள் சிறு சப்பரங்களைக் காவிரிக்கரைக்கு இழுத்துச் செல்வர். திருக்கார்த்திகைக்கு மாவலி. காய்ந்த பனம்பூவைக் குழியிலிட்டுக் கொளுத்தி, காற்றுப் புகாமல் மூடிக் கரியாக்கி, இடித்துத் துணியில் நீளமாகச் சுற்றிக் கட்டி, பிளந்த பனைமட்டைகளுக்கு நடுவே வைத்துக் கயிற்றால் பிணைப்பர். நுனியிலே கங்கு வைத்துப் பெரியவர் ஒருவர் சுழற்றினால் பொன்னாகப் பொறி பூக்கும். காசு கொடுத்து வாங்கிய மத்தாப்பு ஒரு நொடியில் தீரும். மாவலி, செய்கின்ற நாள் முதலே விழா. தானே செய்த பொம்மை உடைந்தால் பிள்ளை அழுவதில்லை, இன்னொன்று செய்கிறது. அந்தத் துணிவு கடையில் கிடைக்காது.

இத்தகைய எளிய அறிவைப் பொருளியலாக்கிய பெருமகன் இந்தத் தஞ்சை மண்ணிலே பிறந்தவர் என்பது பலர்க்கும் நினைவில் இல்லை. அவர்தாம் ஜே.சி. குமரப்பா. 1892 ஜனவரி 4இல் தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்காயராகப் பயின்று, அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்று, காந்தியடிகளைக் கண்டபின் மேல்நாட்டு உடையைக் களைந்து கதராடை பூண்டவர். 1934இல் தோன்றிய அகில இந்தியக் கிராமத் தொழிற் சங்கத்தை வார்தாவிலிருந்து நடத்தினார். கைக்குத்தல் அரிசி, செக்கெண்ணெய், பனைவெல்லம், கையால் செய்த காகிதம் ஆகியவற்றை ஆய்வுக்குரிய பொருள்களாக உயர்த்தினார். சிறையில் இருந்தபோது எழுதிய 'நிலைத்த பொருளாதாரம்' என்னும் கருத்தமைந்த நூலிலே, இயற்கையைப் பார்த்துப் பொருளியலை அவர் ஐந்து வகையாகப் பிரித்தார். மாந்தோப்பில் புகுந்து உண்டு அழிக்கும் குரங்கு எதையும் கொடுக்காமல் கொள்ளை கொள்வது. தன் கூட்டைத் தானே கட்டும் பறவை முயன்று வாழ்வது. தேனீ கூட்டத்திற்காகச் சேர்ப்பது. குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவை கைம்மாறு கருதாமல் தொண்டு செய்வது. இவற்றுக்கெல்லாம் அடியில், பிற உயிரை மாய்த்து வாழும் ஒட்டுண்ணி நிலை. காவிரிப் படுகையின் ஈச்ச மரத்திலும் பனையிலும் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூட்டைப் பார்த்தவர்க்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டா. அவர் 1960 ஜனவரி 30இல், காந்தியடிகள் மறைந்த அதே நாளில், மதுரையில் மறைந்தார்.

இவ்வளவும் பெருமை. பெருமையோடு நிறுத்திக்கொண்டால் இவ்வுரை பாதி உண்மையாகும். மறுபாதியையும் இந்த அவை கேட்க வேண்டும்.

முதலாவது, இந்தச் சிக்கனத்தில் கணக்கில் எழுதப்படாத செலவு ஒன்று இருந்தது. அது பெண்களின் உடல். உமியடுப்பும் வரட்டியடுப்பும் பணத்தை மிச்சம் செய்தன. அந்தப் புகை யாருடைய நெஞ்சில் தங்கியது? உரலும் உலக்கையும் மின்சாரச் செலவு வைக்கவில்லை. தேய்ந்தது யாருடைய தோள்? வீட்டிலே செய்தால் செலவில்லை என்னும் சொல்லின் பொருள், செய்கிறவளுக்குக் கூலி இல்லை என்பதே. 2011இல் தமிழ்நாடு அரசு விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் வழங்கத் தொடங்கியபோதும், 2016க்குப் பிறகு ஏழை வீடுகளுக்கு எரிவாயு இணைப்புகள் சென்றபோதும், அம்மியும் குழவியும் போயிற்றே என்று வருந்தியவர்கள் அம்மியில் அரைக்காதவர்களே. வடகம் உருட்டுவது குடும்பக் கலை என்றால், அது குடும்பத்தார் அனைவர்க்கும் உரிய கலையாக வேண்டும். ஆடவர் கையும் மாவில் படியட்டும்.

இரண்டாவது, சிக்கனத்தை யாருக்குச் சொல்கிறோம் என்பது. இருக்கிறவன் அளந்து போடுவது அறம். இல்லாதவனிடம் அளந்து போடு என்பது கொடுமை. பிறர் வீட்டுக்குக் கீற்று முடைந்தவர்களும், பிறர் நெல்லுக்கு விதைக்கோட்டை கட்டியவர்களும், நிலமற்ற உழவர் தொழிலாளர்கள். அவர்கள் நொய்யைக் காய்ச்சியது சிக்கனத்தால் அன்று, வறுமையால். இதே பழைய தஞ்சை மாவட்டத்தில், கூலி நெல்லைச் சற்றே உயர்த்தித் தரக் கேட்ட போராட்டத்தின் நடுவே, 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் தீக்கிரையாயினர். பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. நெல்லை அளக்கின்ற மரக்கால் நேர்மையாக இல்லாத ஊரில், சிக்கனத்தைப் பற்றிப் பேசுகிறவன் நாணித்தான் பேச வேண்டும். அளந்து போடு என்னும் பழமொழி, கூலி கொடுப்பவனுக்கும் சேர்த்தே சொல்லப்பட்டது: குறைத்து அளக்காதே என்று.

மூன்றாவது, மறைந்துவருபவை. 1960-61இல் தஞ்சை மாவட்டத்தில் தீவிர வேளாண்மைத் திட்டம் தொடங்கியது. பக்கத்து ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் குறுகிய காலத்தில் விளையும் புதிய இரகங்களை அளித்தது. பட்டினி குறைந்தது, அந்த நன்றியை மறத்தல் ஆகாது. ஆயினும் நெற்பயிரின் உயரமும் குறைந்தது. பின்னர் வந்த அறுவடை இயந்திரம் தாளை நசுக்கித் துண்டாக்கித் தள்ளுகிறது. அந்த வைக்கோலில் பிரி முறுக்க முடியாது. கோட்டை கட்டவும் முடியாது. விதைநெல் சாக்கிலே கடையில் கிடைக்கிறது. வீட்டுக் குதிர்கள் கரைந்துவிட்டன. இவற்றை எல்லாம் மீட்க வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. எதை விட்டோம் என்றாவது தெரிந்திருக்க வேண்டும்.

இங்கேதான் இலக்கிய வட்டத்திற்கு வேலை வருகிறது. பொருள் மறைந்தால் சொல் மறையும். சொல் மறைந்தால் பாட்டு விளங்காது. கண்ணன் உறியிலே வெண்ணெய் திருடிய பாசுரத்தை ஒரு பிள்ளை படிக்கிறது. உறி என்றால் என்ன என்று கேட்கிறது. கயிற்றிலே பின்னி, எலிக்கும் எறும்புக்கும் எட்டாமல் உத்தரத்திலே தொங்கவிட்ட அந்த எளிய பின்னலை அறியாத பிள்ளைக்கு, கண்ணன் எட்டிப் பிடித்ததன் குறும்பும் விளங்காது. கட்டி வைத்த ஆய்ச்சியின் சினமும் விளங்காது. பிரிமணை, உறி, குதிர், தொம்பை, பத்தாயம், ஈர்க்கு, கோந்தை, வரட்டி என்னும் சொற்கள் அகராதியில் இருக்கின்றன. அவற்றின் செய்முறை அகராதியில் இல்லை. குத்தாலத்திலும் தேரழுந்தூரிலும் திருமணஞ்சேரியிலும் எழுபது வயதைக் கடந்த பாட்டிமார்களின் விரல்களில் இருக்கிறது. விரல்கள் நெடுநாள் காத்திருப்பதில்லை.

பத்தாண்டு கண்ட இவ்வட்டம் பதினொன்றாம் ஆண்டிலே ஒரு சிறு பணியை மேற்கொள்ளலாம். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் தெருவில் ஒரு முதியவரிடம் அமர்ந்து, ஒரு கைவேலையை அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளட்டும். என்ன பொருள், எந்த மாதம், எத்தனை நாள், எந்தச் சொல், யார் செய்தது, யாருக்காகச் செய்தது என்ற ஆறு வினாக்கள் போதும். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி ஒரு நாள் காகிதக்கூழ்க் கூடை செய்விக்கலாம். ஆண் பிள்ளைகளும் வெந்தயம் அரைக்கட்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. செலவில்லாமல் செய்வது எப்படி என்பதுதானே இவ்வறிவின் உட்பொருள்.

கடைசியாக ஒன்று. விளக்குத் திரியாக முடிந்த அந்தப் பருத்திப் புடவையை மறக்க வேண்டா. ஒரு பொருளைக் கடைசி வரை பயன்படுத்துவது அதை நெய்தவனுக்கும், விளைவித்தவனுக்கும், உடுத்தியவளுக்கும் செய்கின்ற மரியாதை. நெய்தவனின் ஒரு நாளை ஒரே நாளில் எறிந்துவிடாமல் இருப்பதே சிக்கனம். பிறர் உழைப்பையும் அளந்து மதிக்கின்ற கையே ஆற்றிலும் அளந்து போடும். அந்தக் கை குத்தாலத்து வீடுகளில் தொடர்ந்து வாழட்டும்.